சென்னையிலிருந்து ஸ்டுட்கார்ட்: சாமான் அனுப்புவதும் கடிதம் வாங்குவதும்

பெரம்பூர்_கவிதா | 12 நவம்பர், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்கு ஜெர்மனியில் உள்ள ஸ்டுட்கார்டில் வேலை உறுதியாகிவிட்டது. அவர் ஜனவரி முதல் வாரம் கிளம்புகிறார். நானும் மகளும் ஏப்ரலில் போகிறோம், அவள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பெரம்பூர் வாடகை வீட்டை மார்ச் கடைசியில் காலி செய்ய வேண்டும்.

கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் உறவுக்காரர்களுக்குக் கொடுத்துவிடுகிறோம். கொண்டுபோக நினைப்பது பாத்திரங்கள், டேபிள் டாப் கிரைண்டர், சுமார் 200 புத்தகங்கள், துணிமணி, மாமியார் கொடுத்த பழைய பித்தளைக் குத்துவிளக்கு, ஒரு தஞ்சாவூர் ஓவியம், என் வீணை. இரண்டு இடத்தில் விலை கேட்டேன். ஒருவர் சொன்னதில் பாதிதான் இன்னொருவர் சொன்னது. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

இன்னொரு கவலை. முதல் ஆறு வாரம் அவருக்கு அலுவலகம் தரும் தற்காலிக வீடுதான். அப்படியென்றால் பெட்டிகளை எந்த முகவரிக்கு அனுப்புவது? பேங்க், அரசு அலுவலகக் கடிதங்கள் எங்கே வரும்? இந்த வீட்டைக் காலி செய்த பிறகு இங்கே வரும் கடிதங்களை யார் வாங்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

துறைமுகம்_1 | 12 நவம்பர், இரவு 10.25

அக்கா, நான் சென்னையில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். குறைந்த விலை சொன்னவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது ஹாம்பர்க் துறைமுகம் வரைக்கும் உள்ள விலையா, ஸ்டுட்கார்டில் வீட்டு வாசல் வரைக்குமா? பாதி விலை என்றாலே பெரும்பாலும் துறைமுகம் வரைதான். அதற்குப் பிறகு கன்டெய்னரைப் பிரிக்கும் கூலி, துறைமுகக் கட்டணம், சுங்க ஏஜென்ட் கூலி, அங்கிருந்து ஸ்டுட்கார்டுக்கு லாரி வாடகை என்று வரிசையாக வரும், எல்லாமே யூரோவில். சரக்கு அங்கே போய்ச் சேர்ந்த பிறகு பேரம் பேச முடியாது. நாள் கடந்தால் கிடங்கு வாடகையும் ஏறும். அதனால் 'வாசல் வரை, சுங்க வேலை உட்பட' என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் சாமானுக்குத் தனிக் கன்டெய்னர் தேவையில்லை. பலருடைய சரக்கைச் சேர்த்து ஏற்றும் எல்.சி.எல். முறை போதும். அதில் எடையைவிட இடத்துக்குத்தான் காசு. ஒரு கனமீட்டரும் 1,000 கிலோவும் சமம் என்று கணக்கு, வீட்டுச் சாமான் அந்த எடையைத் தொடவே தொடாது. 60 × 45 × 45 செ.மீ. அட்டைப்பெட்டி எட்டு வைத்தால் கிட்டத்தட்ட ஒரு கனமீட்டர். பெரும்பாலான கம்பெனிகள் ஒரு கனமீட்டருக்குக் குறைந்து கட்டணம் வாங்க மாட்டார்கள், அரைப் பெட்டி அனுப்பினாலும் அதே காசுதான்.

விமானத்தில் கணக்கே வேறு. அதே பெட்டியின் நீள அகல உயரத்தைப் பெருக்கி 6,000-ஆல் வகுப்பார்கள், கூரியர் என்றால் 5,000-ஆல். கூரியரில் அந்தப் பெட்டிக்கு 24 கிலோவுக்கு மேல் வருகிறது. உள்ளே தலையணையும் ஸ்வெட்டரும் சேர்ந்து 6 கிலோதான் இருந்தாலும் 24 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். ஆகவே புத்தகம், பாத்திரம், கிரைண்டர் கல் கப்பலில் போகட்டும். கனமாக இருந்தாலும் இடம் கொஞ்சம்தான் எடுக்கும். தலையணை, மெத்தை, கம்பளியை இங்கேயே கொடுத்துவிடுங்கள்.

---

தாமரை_டார்ம்ஸ்டாட் | 12 நவம்பர், இரவு 11.02

கப்பலில் எத்தனை நாள் ஆகும் என்று யாராவது சொன்னால் எனக்கும் உதவும்.

---

துறைமுகம்_1 | 13 நவம்பர், காலை 7.15

நாள் சொல்லி உறுதி கொடுக்கிறவரை நம்பாதீர்கள். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பிறகு, சூயஸ் வழியாகப் போன கப்பல்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற ஆரம்பித்தன. அதில் மட்டும் பத்து நாள், இரண்டு வாரம் கூடுகிறது. எல்.சி.எல். என்றால் கன்டெய்னர் நிரம்பும் வரை இங்கே காத்திருக்கும், கொழும்பிலோ சிங்கப்பூரிலோ மாற்றி ஏற்றுவார்கள், அங்கும் காத்திருக்கும். இரண்டரை, மூன்று மாதம் என்று மனதில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

---

நெக்கர்கரை | 13 நவம்பர், மதியம் 1.30

ஸ்டுட்கார்டில் ஆறு வருடமாக இருக்கிறோம், சொந்த ஊர் சேலம். கவிதா, சாமானைப் பற்றிய கவலையைவிடக் கடிதத்தைப் பற்றிய கவலைதான் உங்களுக்கு முதலில் வர வேண்டியது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த ஊரில் முகவரியில் ஃபிளாட் நம்பர் கிடையாது. தெரு, வீட்டு எண், அஞ்சல் குறியீடு, ஊர், அவ்வளவுதான். ஒரு கட்டடத்தில் பன்னிரண்டு குடும்பம் இருந்தாலும் தபால்காரர் கடிதப் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் 'பெறுநரைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். யாரையும் விசாரிக்க மாட்டார்.

இங்கே எல்லாமே கடிதத்தில்தான் வரும். வீட்டுக்குக் குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், அதற்கு அன்மெல்டுங் என்று பெயர். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட சான்று தேவை. பதிந்த பிறகு பான் நகரிலுள்ள மத்திய வரி அலுவலகத்திலிருந்து 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது வராவிட்டால் அலுவலகத்தில் ஆறாம் வரி வகுப்பில் சம்பளத்தைப் பிடிப்பார்கள், அதுதான் எல்லாவற்றிலும் அதிகப் பிடித்தம். பேங்க் கார்டு ஒரு கடிதத்தில், அதன் ரகசிய எண் வேறொரு கடிதத்தில். மருத்துவக் காப்பீட்டு அட்டை இன்னொரு கடிதத்தில். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, அதன் கடிதமும் தானாகவே தேடி வரும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் இரண்டு மாதம் ஒரு அறையில் உள்வாடகைக்கு இருந்தேன். பெட்டியில் வீட்டுக்காரர் பெயர் மட்டும்தான். என் வரி எண் கடிதமும் பேங்க் கார்டும் திரும்பிப் போயின. முதல் சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. அடுத்த மாதங்களில் சரிசெய்து கொடுத்தார்கள் என்றாலும், முன்பணம் கட்ட வேண்டிய நேரத்தில் கையில் காசில்லாமல் நான் பட்ட பாடு பெரியது. ஒரு சின்னக் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டியிருந்தால் போதும், அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அவர் போய் இறங்கும் அன்றே தற்காலிக வீட்டின் பெட்டியில் பெயர் ஒட்டச் சொல்லுங்கள். அது முடியாதென்றால் சி/ஓ போட்டு வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்து முகவரி கொடுக்கச் சொல்லுங்கள். நம்மூரில் மே/பா என்று எழுதுவோமே, அதேதான். அந்தத் தற்காலிக வீட்டில் பதிவுச் சான்று தருவார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் தர மாட்டார்கள்.

---

ஹாம்_மாமா | 13 நவம்பர், மாலை 6.50

பிள்ளை, நான் யாழ்ப்பாணத்திலிருந்து 1988-ல் ஜெர்மனிக்கு வந்தவன். தம்பி நெக்கர்கரை சொன்னது முழுக்க உண்மை. அதோடு எங்கட ஆட்களின் பெயரில் உள்ள சிக்கலையும் சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் ஒன்று, தன் பெயர் ஒன்று. பாஸ்போர்ட்டில் எது முன்னே வருகிறதோ அதை இவர்கள் குடும்பப் பெயராக எடுத்துவிடுவார்கள். எனக்கு வரும் கடிதமெல்லாம் என் ஐயாவின் பெயருக்குத்தான் வரும். மனைவிக்கு அவருடைய தகப்பன் பெயர். பிள்ளைகளுக்கு என் பெயர். ஒரே வீட்டில் மூன்று 'குடும்பப் பெயர்'. தபால்காரருக்கு நாங்கள் மூன்று குடும்பம்.

ஆகவே பெட்டியில் ஒரு பெயர் போதாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் யார் யாருக்கு என்ன இருக்கிறதோ, அத்தனையையும் ஒட்டுங்கள். சின்னப் பிள்ளையின் பெயரையும் ஒட்டுங்கள். அழைப்பு மணியிலும் அதே பெயர்கள் இருக்க வேண்டும், பார்சல் கொண்டுவருபவர் அதைத்தான் பார்ப்பார்.

இன்னொன்று. சில நேரம் அரசு அலுவலகத்திலிருந்து மஞ்சள் உறையில் ஒரு கடிதம் வரும். தபால்காரர் அதன் மேல் தேதி எழுதிப் பெட்டியில் போடுவார். அந்தத் தேதியிலிருந்து காலக்கெடு ஓடத் தொடங்கிவிடும், நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும். வாகன அபராதத்துக்கு ஆட்சேபம் சொல்ல இரண்டு வாரம்தான். ஊருக்கு ஒரு மாதம் போவதென்றால் பெட்டித் திறப்பை, அதுதான் சாவியை, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

---

பெரம்பூர்_கவிதா | 13 நவம்பர், இரவு 9.15

இதை நான் யோசிக்கவே இல்லை, ஐயா. எங்கள் மூவருக்கும் பாஸ்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு அப்பா பெயர், அவருக்கு அவர் அப்பா பெயர், மகளுக்கு அவர் பெயர். மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

சுங்க வரி எவ்வளவு வரும்?

---

நெக்கர்கரை | 14 நவம்பர், காலை 11.20

ஒழுங்காகச் செய்தால் வரி இல்லை. குடிமாறி வருகிறவர்களின் சாமானுக்கு விலக்கு உண்டு, இங்கே அதை ஊபர்சீட்லுங்ஸ்குட் என்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குறைந்தது 12 மாதம் வாழ்ந்திருக்க வேண்டும். சாமான் ஆறு மாதமாவது நீங்கள் பயன்படுத்தியதாக இருக்க வேண்டும். இங்கே குடிவந்த 12 மாதத்துக்குள் வந்துசேர வேண்டும். வந்த பிறகு 12 மாதத்துக்கு அதை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. 0350 என்ற படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கூடவே சாமான் பட்டியல், பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், அன்மெல்டுங் சான்று. பாருங்கள், இங்கேயும் அந்த முகவரிப் பதிவுதான் வந்து நிற்கிறது.

ஆறு மாத விதியை மறக்காதீர்கள். வெளிநாடு போகிறோமே என்று புது குக்கர், புது எவர்சில்வர் செட் வாங்கி உறை பிரிக்காமல் கட்டி அனுப்புகிறவர்கள் நிறைய. அதற்கு விலக்கு கிடைக்காது. புழங்கிய பாத்திரத்தையே அனுப்புங்கள். பட்டியலில் 'சமையல் சாமான் 1 பெட்டி' என்று எழுதாமல் பெட்டி வாரியாக, பொருள் வாரியாக எழுதுங்கள்.

---

துறைமுகம்_1 | 14 நவம்பர், மதியம் 2.10

பட்டியலைப் பற்றி அண்ணன் சொன்னது இந்தப் பக்கத்துச் சுங்கத்துக்கும் பொருந்தும். அக்கா, உங்கள் விளக்கும் ஓவியமும்தான் எனக்கு உறுத்துகிறது. 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடத்துக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம், உலோகப் பொருள் எதையும் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. உங்களுடையது அவ்வளவு பழையதாக இல்லாவிட்டாலும், பார்வைக்குப் பழையதாக இருந்தால் சுங்க அதிகாரி நிறுத்தி வைக்கலாம். இந்தியத் தொல்லியல் துறையிடம் 'இது தொல்பொருள் அல்ல' என்று சான்று வாங்கிக்கொள்ளுங்கள். சென்னை வட்ட அலுவலகம் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. மாமியாரின் மாமியார் காலத்து விளக்கு என்றால் அனுப்பவே நினைக்காதீர்கள், ஊரிலேயே இருக்கட்டும்.

பூஜை அறையில் மயிலிறகு இருந்தால் அதையும் போடாதீர்கள். ஏற்றுமதிக்குத் தடை உண்டு. ஓவியத்துக்கு மரச்சட்டப் பெட்டி அடித்தால், மரத்தை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் பதப்படுத்திய முத்திரை அதன் மேல் இருக்க வேண்டும். கோதுமைக் கதிர் படமும் ஹெச்.டி. என்ற எழுத்தும் இருக்கும். தெருக்கோடி ஆசாரி அடித்துக் கொடுக்கிற பெட்டியில் அது இருக்காது.

---

கோவை_மோட்டார் | 14 நவம்பர், இரவு 8.05

கிரைண்டருக்கு நான் சொல்கிறேன். தாராளமாகக் கொண்டுபோங்கள். ஜெர்மனியிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், மோட்டார் இங்கே ஓடுவது போலவே அங்கும் ஓடும். பிளக் மட்டும் வேறு. கடையில் கிடைக்கும் மலிவு அடாப்டர்கள் பலவற்றில் எர்த் இணைப்பு இருக்காது. தண்ணீர் புழங்கும் இயந்திரத்துக்கு எர்த் இல்லாமல் இருக்கக் கூடாது. அங்கே ஒரு எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து அந்த ஊரின் எர்த் உள்ள ஷூகோ பிளக்காக மாற்றிவிடுங்கள். கல்லைத் தனியாகக் கழற்றித் துணி சுற்றி, டிரம்மைத் தனியாக வைத்துக் கட்டுங்கள். கல்லை உள்ளே வைத்தே அனுப்பி டிரம் நசுங்கி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

---

டொரண்டோ_வாணி | 14 நவம்பர், இரவு 11.48

கனடா, அமெரிக்கா போகிறவர்கள் மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கிரைண்டரைக் கட்டிவிட வேண்டாம். இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 120 வோல்ட் என்றே கேட்டு வாங்கி வாருங்கள். இன்னொன்று, கனடாவில் இறங்கும் நாளிலேயே 'பின்னால் வரும் பொருட்கள்' என்று ஒரு பட்டியலைச் சுங்கத்தில் கொடுத்துவிட வேண்டும்.

---

பெரம்பூர்_கவிதா | 15 நவம்பர், காலை 10.30

வீணையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2009-ல் தஞ்சாவூரில் வாங்கியது. பலாமரம்.

---

தாமரை_டார்ம்ஸ்டாட் | 15 நவம்பர், மதியம் 12.15

அக்கா, வீணையைக் கப்பலில் அனுப்பாதீர்கள், தயவுசெய்து. நானும் வாசிக்கிறேன். தந்திகளுக்கு அடியில் உள்ள மெட்டுகள் எல்லாம் மெழுகில்தானே பதித்திருக்கிறது? கன்டெய்னருக்குள் ஏறும் சூட்டில் மெழுகு இளகி, மெட்டு நகர்ந்துவிட்டால் இங்கே மேளம் கட்டித் தர, அதாவது மெட்டுகளைச் சரியாக மறுபடி பதித்துத் தர, ஆள் தேட வேண்டும். நான் கெட்டியான ஃபைபர் பெட்டியில் வைத்து, தந்திகளைத் தளர்த்தி, விமானத்திலேயே கூட எடுத்து வந்தேன். முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள்.

பழைய வீணை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முந்தைய காலத்துத் தஞ்சாவூர் வீணைகளில் யானைத் தந்தத்திலும் மான் கொம்பிலும் அலங்காரம் செய்வார்கள். தந்தம் இருந்தால் எல்லை தாண்டக் கூடாது. உங்களுடையது 2009 என்பதால் பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும், ஆனாலும் வாங்கிய ரசீதைக் கையில் வையுங்கள்.

---

நெக்கர்கரை | 15 நவம்பர், மாலை 5.40

சாப்பாட்டுச் சாமானும் மருந்தும் விட்டுப்போச்சு. பால், இறைச்சி சம்பந்தப்பட்ட எதுவும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரக் கூடாது. நெய், பால்கோவா வேண்டாம். கருவாடு பரவாயில்லை, மீன் வகைக்கு ஒருவருக்கு 20 கிலோ வரை விட்டிருக்கிறார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும். காயவைத்துப் பொடியாக்கிக் கொண்டுவாருங்கள்.

மருந்தைப் பார்சலில் போடவே கூடாது. என் அம்மா பாசத்தோடு எனக்குத் தைராய்டு மாத்திரையும் லேகியமும் அனுப்பினார். சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள், எனக்குக் கிடைக்கவே இல்லை. ஆனால் பயணத்தில் சொந்தத் தேவைக்கு மூன்று மாத அளவு வரை கையில் கொண்டுவரலாம். மருத்துவர் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

ஊரிலிருந்து வரும் அன்பளிப்புப் பார்சலுக்கு 45 யூரோ வரை வரி இல்லை. அதற்காக உள்ளே என்ன இருக்கிறது, என்ன விலை என்று எழுதாமல் விட்டால், சுங்க அலுவலகத்துக்கு நேரில் வரச் சொல்லிக் கடிதம் வரும். அரை நாள் போய்விடும்.

---

பெரம்பூர்_கவிதா | 15 நவம்பர், இரவு 9.55

அப்புறம், சென்னையில் வரும் கடிதங்கள்?

---

துறைமுகம்_1 | 16 நவம்பர், காலை 8.30

எங்கள் வாடிக்கையாளர்களிடம் நான் சொல்வது இதுதான். வீட்டைக் காலி செய்வதற்கு இரண்டு மாதம் முன்பே பேங்க், காப்பீடு, ஆதார் எல்லாவற்றிலும் முகவரியை அம்மா வீட்டுக்கோ மாமியார் வீட்டுக்கோ மாற்றிவிடுங்கள். கிளம்பும் வாரத்தில் செய்தால் மாறிய முகவரிக்கு வரும் முதல் கடிதத்தைச் சரிபார்க்க நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள். உங்கள் பகுதித் தபால் நிலையத்திலும் புது முகவரிக்குத் திருப்பிவிடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தபால்காரரை நேரில் பார்த்தும் சொல்லுங்கள், அந்த ஒரு வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும், அது சட்டம். ஓ.டி.பி. வரும் சிம் கார்டை அணையவிடாதீர்கள். வீடு, நிலம் சம்பந்தமாக யாருக்காவது அதிகாரப் பத்திரம் கொடுப்பதென்றால் இங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிட்டுப் போங்கள். அங்கே போனபின் என்றால் மியூனிக்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் வரை போக வேண்டும், அந்தப் பத்திரம் இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணமும் கட்ட வேண்டும்.

---

பெரம்பூர்_கவிதா | 27 ஜூன், இரவு 10.20

இவ்வளவு நாள் கழித்து வருகிறேன். உதவிய எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

குறைந்த விலைக்காரரிடம் கேட்டேன், துறைமுகம் வரைதான் என்றார். மற்றவரிடமே கொடுத்தோம். ஒன்பது பெட்டி. மார்ச் 14 அன்று எடுத்துப்போனார்கள், ஜூன் 3 அன்று வாசலில் இறக்கினார்கள், பதினொன்றரை வாரம். வரி எதுவும் கேட்கவில்லை. பட்டியலில் 'ஆத்திச்சூடி கதைப் புத்தகம்' வரை எழுதியிருந்தேன். இரண்டு பீங்கான் தட்டு உடைந்திருந்தது. பெட்டியை நாங்களே கட்டியதால் உடைந்ததற்குக் காப்பீட்டில் பணம் இல்லை என்றார்கள், இனி அனுப்புகிறவர்கள் பீங்கானை மட்டுமாவது அவர்கள் கையால் கட்டவிடுங்கள். கிரைண்டர் நன்றாக ஓடுகிறது. ஓவியத்துக்குக் கோட்டையில் சான்று வாங்கினேன். விளக்கை அனுப்பவில்லை, அத்தையிடமே இருக்கிறது. வீணை என்னோடு விமானத்தில் வந்தது, ஒரு மெட்டுகூட நகரவில்லை.

அவர் ஜனவரியில் இறங்கிய அன்றே தற்காலிக வீட்டுப் பெட்டியில் பெயர் ஒட்டினார். அங்கே பதிவுச் சான்றும் கிடைத்தது. வரி எண் 19-ஆம் நாள் வந்தது. பிப்ரவரி கடைசியில் சொந்த வாடகை வீட்டுக்கு மாறியபோது, பழைய முகவரிக்கு வருவதைப் புதிய வீட்டுக்கு அனுப்பச் சொல்லித் தபால் துறையில் ஒரு வருடத்துக்குக் கட்டணம் கட்டினார். பேங்கிலிருந்து மட்டும் மூன்று கடிதம் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

ஹாம் மாமா, உங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த வீட்டுப் பெட்டியில் மூன்று பெயரையும் ஒட்டினோம். ஏப்ரல் கடைசியில் பெட்டியைத் திறந்தால் என் மகள் பெயருக்கு ஒரு கடிதம். இங்கே குழந்தைகளுக்கும் வரி எண் தனியாகத் தபாலில் வரும் என்பது எங்களுக்குத் தெரியாது. அவள் பெயருக்கு வந்த முதல் கடிதம். உறையைக் கிழிக்கவே விடவில்லை, கத்தரிக்கோலால் ஓரமாக வெட்டித் திறந்து, படிக்கச் சொல்லிக் கேட்டு, தன் கதைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள்.

---

ஹாம்_மாமா | 28 ஜூன், காலை 9.05

சந்தோசம் பிள்ளை. அந்த எண்ணைப் பத்திரமாக எழுதி வையுங்கள், அது அவளுக்கு வாழ்நாள் முழுதும் மாறாது. அரசு தரும் குழந்தைக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கும்போதும் கேட்பார்கள். ஆவணியில் பள்ளி தொடங்கும் முன் ஒருமுறை எங்கட ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோவிலுக்கு வாருங்கள், வீணையையும் எடுத்து வாருங்கள்.